ஊதாக்காரி

வீட்டில் எந்த மின்சாதனம் முரண்டு பிடித்தாலும் சின்ன மருமகளைத்தான் கூப்பிடுவார்கள். இணையம் வரவில்லையா, அவள். ப்ரிண்டர் தாளை மென்று துப்புகிறதா, அவள். மாமனாரின் போனில் எழுத்தெல்லாம் திடீரென்று எறும்பு அளவுக்குச் சிறுத்துவிட்டதா, அதற்கும் அவள். கல்யாணத்துக்கு முன்பு கம்ப்யூட்டர் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் வேலை பார்த்தது எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவளுடைய அப்பா அப்படித்தான் சொன்னார். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற ஆள் இல்லை.

புதிதில் கணவனிடம் சொல்லிவிடலாம் என்று ஒருமுறை வாயெடுத்தாள். "அந்தக் கம்பெனியில நான் என்ன பண்ணினேன்னா..." என்று அவள் தொடங்கியதுமே அவன் இரண்டு கையையும் தூக்கிவிட்டான்.

"அம்மா தாயே, கோடிங் எல்லாம் எனக்கு ஏறாது. கணக்குல நான் எப்பவும் கடைசி பெஞ்ச்."

அத்தோடு அந்தப் பேச்சு நின்றது. அதன்பிறகு யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அவள் அதை அணைப்பாள், மனசுக்குள் கொஞ்சம் எண்ணுவாள், திரும்பப் போடுவாள். பாதி நோய்கள் அதிலேயே குணமாகிவிடும். மீதிப் பாதிக்கு, "உள்ளே ஏதோ பார்ட் போயிடுச்சு, கடையிலதான் குடுக்கணும்" என்பாள். இந்த இரண்டே வைத்தியங்களை வைத்துக்கொண்டு அந்த வீட்டில் பெரிய கம்ப்யூட்டர் நிபுணராக வாழ்ந்துவந்தாள். வெளியே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் பொருந்துகிற மாதிரி ஃப்ரேமைச் சூடாக்கி வளைத்துக் கொடுப்பாள். நன்றாகவே செய்வாள்.

விளையாட்டுப் பெட்டி அந்த வீட்டுக்கு வந்தது மாமனாரின் தோளுக்காக. மனிதர் ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் வலது தோள் இறுகிக்கொண்டது. கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. "பாதி மாடியில நின்னுபோன லிஃப்ட் மாதிரி நிக்குது" என்று அவரே சொல்லிக்கொண்டார். பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து, தினமும் இழுக்கச் சொன்னார். மாமனார் அதை வைத்துப் பழைய செய்தித்தாள்களைக் கட்டிவைத்தார். அப்புறம்தான் மூத்த மகன் யோசித்து, கையை வீசி வீசி ஆடுகிற அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கிவந்தான்.

பெட்டியைப் பிரித்ததும் வழக்கம்போல, "சின்னவளைக் கூப்பிடு." அவள் வந்து டி.வி.க்கு மேலே சின்னக் கம்பி போன்ற சென்சாரை ஒட்டினாள், வயர்களைச் சொருகினாள், அணைத்துப் போட்டாள். வேலை செய்தது. கூடவே ஒரு பை நிறைய உபரிப் பொருட்கள் வந்திருந்தன: ரிமோட்டுக்கு மாட்டுகிற ரப்பர் உறை, மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வார், ரிமோட்டைச் சொருகினால் டென்னிஸ் மட்டையாகிவிடுகிற பிளாஸ்டிக் சட்டம், காரோட்டும் விளையாட்டுக்கு ஒரு வெள்ளைச் சக்கரம். பெரிய மருமகளின் மகள், எட்டு வயசு வாலு, அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஹாரன் அடித்துத் திரிந்தாள்.

மாமனார் முதல்நாள் பவுலிங் ஆடினார். வாரைக் கட்டச் சொன்னதற்கு, "நான் என்ன குழந்தையா?" என்றார். இரண்டாவது வீச்சில் ரிமோட் பறந்துபோய்ச் சுவர்க் கடிகாரத்தைப் பதம் பார்த்தது. அதற்குப் பிறகு கட்டிக்கொண்டார். ஆனால் இன்னொன்றைக் கண்டுபிடித்துவிட்டார். சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மணிக்கட்டை மட்டும் லேசாகச் சுண்டினாலே டி.வி.யில் பந்து உருண்டோடிப் பத்துக் கட்டைகளையும் சாய்த்துவிடுகிறது.

"தாத்தா, எழுந்து நின்னு ஆடணும்!"

"மெஷினுக்கு நான் உட்கார்ந்திருக்கிறது தெரியலையே. தெரியாதவங்ககிட்ட நாமளா போய்ச் சொல்லணுமா?"

தோள் அப்படியே இருந்தது. ஸ்கோர் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

பெரிய மருமகள் இதிலெல்லாம் முதலில் கலந்துகொள்ளவே இல்லை. அவளுக்கு பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, சின்ன மைக்கில் நாள் முழுக்கக் கத்தி, அந்தக் குரலையே வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள். "உப்பு எங்கே?" என்று அவள் கேட்டால் பக்கத்து வீட்டில் உப்பு ஜாடியை எடுப்பார்கள். உட்கார்ந்தே வேலை செய்து இடுப்பும் முழங்காலும் பிடித்துக்கொண்டிருந்தன. மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். சிரிப்பு வந்தால் சிரிப்பாள், கோபம் வந்தால் பாத்திரங்களுக்குத் தெரியும்.

ஓரகத்திகள் இருவருக்கும் சண்டை வந்ததே இல்லை. சண்டை போடுகிற அளவுக்கு அவர்கள் நெருங்கியதில்லை. ஒரே சமையலறையில் நின்றார்கள். ஒருத்தி நறுக்கினால் ஒருத்தி கழுவினாள். "அக்கா, அதை எடுத்துக்கட்டுமா?" என்று சின்னவள் கேட்பாள். "எடுத்துக்கோம்மா" என்பாள் பெரியவள். அவ்வளவுதான். ஒருநாள் பெரியவள் போனில் யாரிடமோ, "நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா கஞ்சி போட்ட சட்டை மாதிரி. மடிப்புக் கலையாது" என்று சொன்னது சின்னவள் காதில் விழுந்தது. அந்தக் குரலில் யார் காதில்தான் விழாது? சின்னவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. குளியலறைக் கண்ணாடியில் ஒருமுறை தன் தோள்களைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த நடன டிஸ்க்கைக் கொண்டுவந்தது பெரியவள்தான். கவுன்டரில் கூட வேலை பார்ப்பவள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று கொடுத்தது. பழைய டிஸ்க், மேலெல்லாம் கீறல். டி.வி.யில் ஒரு ஆள் ஆடும். ரிமோட்டை வலது கையில் பிடித்துக்கொண்டு நாமும் அதேபோல் ஆட வேண்டும். சரியாக ஆடினால் 'பெர்ஃபெக்ட்' என்று வரும். தப்பினால் ஒரு சிவப்பு எக்ஸ். வாலு கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தாள்.

சின்னவள் அப்போது ஓரமாக உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். இசை தொடங்கியதும் நிமிர்ந்து பார்த்தாள். திரையில் ஒரு பெண். உடம்பு முழுக்க ஊதா நிறம், பச்சை முடி, இடது கையில் மட்டும் வெள்ளைக் கையுறை. முகம் இல்லை. கண், மூக்கு, வாய் எதுவுமில்லாமல் மாவு பூசினாற்போல் வெறும் வெள்ளை. அந்தப் பெண் ஒரு கையை இடுப்பில் வைத்து, தாளத்துக்காகக் காத்திருந்தாள். காத்திருக்கும்போது இடது தோள் கொஞ்சம் மேலேறி இறங்கியது.

சின்னவளுக்கு அந்தத் தோளைத் தெரியும். அது அவள்தான்.

கேம் கம்பெனியில் கேமரா முன்னால் ஆடுவதுதான் அவள் வேலை, நான்கு மாதம். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயசு. பச்சைச் சுவர் வைத்த பெரிய கூடம், தரையில் எங்கே நிற்பதென்று ஒட்டிய டேப், மேலே கண் கூசும் விளக்குகள். கம்ப்யூட்டரில் முகத்தை அழித்து, நிறங்களை மாற்ற வசதியாக ஒரு பெண் வந்து முகம் முழுக்க வெள்ளை பூசுவாள். ஆட்டம் சொல்லிக்கொடுத்த அம்மாள், "முகம் தெரியாதுன்னு உம்முன்னு ஆடாதே. சிரிச்சா அது தோள்ல தெரியும்" என்பாள். பல பாட்டுகளுக்கு ஆடிப் பார்த்தாள். டிஸ்க்கில் வந்தது இது ஒன்றுதான். பிறகு கம்பெனி அந்தக் கூடத்தைக் காலி செய்துவிட்டு வேறெங்கோ போனது. அவளுக்கு முழங்காலில் ஒரு வலி மிஞ்சியது. கண்ணாடிக் கடையில் ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், சேர்ந்துவிட்டாள். டிஸ்க் வெளிவந்ததா, யாராவது வாங்கினார்களா என்றுகூட அவள் தேடிப் பார்த்ததில்லை.

வாலு தத்தக்கா பித்தக்கா என்று குதித்து முடித்தாள். வாசல் நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் சொன்னாள்:

"அடேயப்பா. இவளுக்கு எலும்பு இருக்கா இல்லையா? குடுடி இங்கே ரிமோட்டை."

ஆட்டத்தின் பாதியிலேயே மூச்சு வாங்கி சோபாவில் விழுந்தாள். திரை முழுக்க எக்ஸ். அன்றைக்கே அது அவளைப் பிடித்துக்கொண்டது.

வேலை முடிந்து வந்ததும் பையை வைப்பாள், முகம் கழுவுவாள், டி.வி.க்கு முன்னால் நிற்பாள். மற்ற பாட்டுகளைத் தொடவே மாட்டாள். "எங்கே நம்ம ஊதாக்காரி?" என்பாள். பேர் அப்படியே நிலைத்துவிட்டது. ஊதாக்காரியோடு அவள் பேசுவாள், கெஞ்சுவாள், திட்டுவாள். "நில்லுடி, எங்கே ஓடுறே? எனக்கு வயசு என்ன, உனக்கு வயசு என்ன?" "ஆகா, இன்னைக்கு என்ன ஒரு குலுக்கல் உனக்கு! வீட்டுல வேலை வெட்டி இல்லையா?" "இரு, இன்னைக்கு உன்னை ஒரு கை பார்க்காம விடமாட்டேன்." மாமனார்கூட பவுலிங்கை விட்டுவிட்டு இதைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தபடியே கையை ஆட்டித் தாளம் போடுவார்.

சின்னவளுக்கு முதலில் உச்சி குளிர்ந்தது. துணி மடிக்கிற சாக்கில் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். தன்னைப் பற்றி யாரோ முதுகுக்குப் பின்னால் நல்லவிதமாகப் பேசுவதைக் கேட்கிற கூச்சமும் சுகமும். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். பெரியவள் வேர்வை சொட்டச் சொட்ட எக்ஸ் வாங்கிக்கொண்டிருக்கும்போது, "அது நான்தான்" என்றால் எப்படி இருக்கும்? பீற்றிக்கொள்வதுபோல இருக்கும். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு வந்தால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள். தள்ளத் தள்ள வாய் இன்னும் இறுகியது.

அப்புறம் அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவளுக்கு ஊதாக்காரி மேல் பொறாமை வந்தது. ஆட்டம் முடிந்து, தண்ணீர் குடித்துவிட்டு, பெரியவள் சமையலறைக்குள் வந்து நிற்பாள். "நகருறியாம்மா, கத்தி எடுக்கணும்." அதே பழைய மரியாதை. ஐந்து நிமிஷம் முன்னால் அவளைத்தான், அவளையேதான், "அடி என் ராசாத்தி" என்று கொஞ்சிவிட்டு வந்தாள்! டி.வி.க்குள் இருக்கிறவள் அந்த வீட்டில் எல்லோருக்கும் வேண்டியவளாகிவிட்டாள். டி.வி.க்கு வெளியே இருக்கிறவளை ப்ரிண்டருக்குத்தான் கூப்பிட்டார்கள்.

வாரங்கள் போகப் போகப் பெரியவள் தேறினாள். முழங்கால் பிடிப்பு குறைந்தது. எக்ஸ்கள் குறைந்தன. ஆனால் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஓரிடம் மட்டும் அவளுக்கு வாய்க்கவில்லை. ஊதாக்காரி வேகமாகச் சுழன்று வருவாள். சட்டென்று ஒரு கால் முன்னால் நழுவும், இரண்டு கைகளும் பறவை சிறகை விரித்ததுபோல வெளியே போகும், உடம்பு விழப்போய் நிமிரும். கண் மூடித் திறப்பதற்குள் அது முடிந்துவிடும். எத்தனை தடவை ஆடினாலும் அந்த இடத்தில் பெரியவளுக்கு எக்ஸ்தான். நிறுத்திப் பார்த்தாள், மெதுவாகச் செய்து பார்த்தாள். கவுன்டரில் ஆளில்லாத நேரத்தில் காலை மட்டும் மேசைக்கடியில் நழுவவிட்டுப் பார்த்ததாகச் சொன்னாள். ஒன்றும் பலிக்கவில்லை. வீட்டில் அதற்கு 'அந்த இடம்' என்றே பேர்.

ஒரு விடுமுறை நாள் மதியம். எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ஆளுக்கொரு ஆட்டம் ஆடி முடித்தாகிவிட்டது. மாமனார்கூட நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு பாட்டு ஆடினார். ஆட்டச் சூட்டில் கை தோளுக்கு மேலே போனதை மூத்த மகன் கவனித்துக் கைதட்டினான். அப்போது வாலு சொன்னாள்:

"சித்தி மட்டும் ஒருநாள்கூட ஆடினதில்லை."

"எனக்கு வராதுடா கண்ணு."

"வராட்டி என்ன? அம்மாவுக்கு மட்டும் வந்துச்சா?"

"அடிப்பேன் உன்னை" என்றாள் பெரியவள். பிறகு ரிமோட்டைச் சின்னவள் பக்கம் நீட்டி, "சும்மா ஒரு தடவை ஆடேன். யாரும் சிரிக்க மாட்டோம்" என்றாள்.

"நான் சிரிப்பேன்" என்றான் கணவன்.

மறுக்க வழியில்லை. சின்னவள் எழுந்து வாரை மணிக்கட்டில் கட்டிக்கொண்டாள். காலில் சாக்ஸ், கீழே வழவழவென்ற தரை. பாட்டு தொடங்கியது. திரையில் அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். திரைக்கு முன்னால் அவளும் நின்றாள். இத்தனை நாளாக உட்கார்ந்து பார்த்தபோது வராதது இப்போது நின்றதும் வந்தது. அந்தப் பச்சைச் சுவர்க் கூடத்தின் விளக்குச் சூடு, தரையில் டேப், அந்த அம்மாளின் எண்ணிக்கை. உடம்பு தானாகப் புறப்பட்டுவிட்டது.

எக்ஸ். எக்ஸ். மறுபடியும் எக்ஸ்.

கணவன் சொன்னபடியே சிரித்தான். வாலு, "சித்தி, வலது கை! வலது கை!" என்று கத்தினாள். அப்போதுதான் சின்னவளுக்கே உறைத்தது. அன்றைக்குக் கையுறை அவளுடைய இடது கையில் இருந்தது. எதிரே நின்று பார்த்து ஆடுகிறவர்களுக்குக் கண்ணாடியில் பார்ப்பதுபோல வலது கையில் விழ வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் அவர்கள் இடது கையால் ஆட வைத்தார்கள். அவள் உடம்புக்கு அந்த இடது கைதான் தெரியும். ரிமோட்டோ வலது கையில். மாற்றிக்கொள்ளலாம் என்று மனசு சொன்னது. கை கேட்கவில்லை. முழங்கால் ஒருமுறை சுளீரென்றது, அதையும் அவள் கவனிக்கவில்லை. அவளுக்கு ஆட ஆசையாக இருந்தது. அவ்வளவு ஆசை தனக்குள் இருந்ததே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

கடைசிச் சரணம் வந்தது. சுழன்றாள். கால் நழுவியது. இரண்டு கைகளும் விரிந்தன. நிமிர்ந்தாள்.

பெர்ஃபெக்ட்.

அந்த ஓரிடத்தில் மட்டும். வீடே ஓவென்று கூச்சல் போட்டது. "குருட்டு அதிர்ஷ்டம்!" என்றார் மாமனார். மொத்த ஸ்கோர் வந்தபோது அது வாலு முதல்நாள் எடுத்ததைவிடக் குறைவு. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் டி.வி.யைப் பார்க்கவில்லை, வாரை அவிழ்த்துக்கொண்டிருந்த சின்னவளின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனாள் சின்னவள். பின்னாலேயே பெரியவள் வந்தாள். அவள் துணி எடுக்க மாடிக்கு வருகிற வழக்கமே இல்லை. இருவரும் கிளிப்புகளைக் கழற்றினார்கள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள் பெரியவள். அவள் குரல் அவ்வளவு தணிந்து சின்னவள் கேட்டதில்லை.

"கேளுங்கக்கா."

"நாங்க எல்லாரும் அவளைப் பார்த்து ஆடுறோம். நீ அவளைப் பார்க்கவே இல்லை. அவ கையைத் தூக்குறதுக்கு முன்னாடி உன் கை போயிடுது. எங்களுக்கெல்லாம் வலது கைன்னா உனக்கு இடது கை. ஒரு இடத்துலகூட நீ தடுமாறலை. நீ அவளை மாதிரி ஆடலைம்மா. அவளா ஆடினே."

சின்னவள் ஒரு சட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அது நீதானே?"

"ஆமாக்கா."

பெரியவள் கையிலிருந்த கிளிப்புகளை வாளியில் போட்டாள். போட்ட சத்தத்தில் கோபம் தெரிந்தது. தணிந்த குரல் போன இடம் தெரியவில்லை.

"எத்தனை வாரமா நான் அவளோட மல்லுக்கட்டுறேன்! நீ பக்கத்துல உட்கார்ந்து துணி மடிச்சிக்கிட்டு இருந்தே. நான் விழுறதையும் எழுறதையும் வேடிக்கை பார்த்தே, இல்லே? உள்ளுக்குள்ள எப்படிச் சிரிச்சிருப்பே!"

"சத்தியமா சிரிக்கலைக்கா."

"பின்னே ஏன் சொல்லலை?"

சின்னவளுக்கு வெட்கம், தயக்கம், நாளை நாளை என்று தள்ளியது எல்லாம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நீங்க அவகிட்ட பேசுறது எனக்குப் பிடிச்சிருந்தது. என்கிட்ட நீங்க அப்படிப் பேசினதே இல்லையே. சொல்லிட்டா அவகிட்டயும் நிறுத்திடுவீங்களோன்னு பயமா இருந்தது."

பெரியவள் கொடியில் தொங்கிய போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். சின்னவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் போர்வையை உதறி, கிட்டே வந்து, மடித்து, மறுபடி விலகி, மறுபடி கிட்டே வந்தார்கள்.

"என்னை என்ன பண்ணச் சொல்றே?" என்றாள் பெரியவள் கடைசியில். "நீ எப்பப் பாரு 'எடுத்துக்கட்டுமா, வச்சுக்கட்டுமா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா நான் எப்படி உன்னைத் திட்டுறது? திட்ட முடியாத ஆள்கிட்ட எப்படிக் கொஞ்சுறது?"

சின்னவள் சிரித்துவிட்டாள். பெரியவளுக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

"சரி, அதை விடு. அந்த இடம். அதை எப்படிப் பண்றே? அதுக்கு என்ன சூட்சுமம்?"

"சூட்சுமம் ஒண்ணும் இல்லைக்கா."

"மறைக்காதே."

"நிஜமாத்தான். அன்னைக்கு நான் வழுக்கிட்டேன். தரையில டேப் உரிஞ்சிருந்தது, கால் வச்சதும் சர்ருனு போயிடுச்சு. விழுந்துட்டேன்னு நினைச்சு கையை விரிச்சேன். எப்படியோ நின்னுட்டேன். அவங்களுக்கு அது பிடிச்சுப்போச்சு, அப்படியே வச்சுட்டாங்க. எனக்கே அது மறுபடி வரலை. இன்னைக்கு சாக்ஸ் வழுக்கினதுனாலதான் வந்தது."

பெரியவள் அவளை உற்றுப் பார்த்தாள்.

"அப்போ நான் இத்தனை நாளா..."

"வழுக்குறதைப் பழகியிருக்கீங்க."

பெரியவள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். கிளிப்புகளெல்லாம் தரையில் உருண்டன. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. "மேசைக்கடியில! கவுன்டர்ல, மேசைக்கடியில!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பக்கத்து மொட்டைமாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் குழாயை அப்படியே பிடித்துக்கொண்டு இவர்களைப் பார்த்தார். தண்ணீர் அவர் செருப்பில் விழுந்துகொண்டிருந்தது.

பெரியவளால் ரகசியம் காக்க முடியாது என்பது ஊரறிந்த விஷயம். மாடிப்படி இறங்கி முடிப்பதற்குள் வீடு முழுக்கச் செய்தி போய்விட்டது. முதலில் யாரும் நம்பவில்லை. வாலு டி.வி.யைப் போட்டு ஊதாக்காரியை நிறுத்திவைத்து, சித்தியைப் பக்கத்தில் நிற்கவைத்து, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "தோள்!" என்று கத்தினாள். கணவன் எழுந்து கிட்டே வந்தான்.

"என்கிட்டகூடச் சொல்லலையே?"

"சொல்ல வந்தேன். நீங்கதான் கணக்கு வராதுன்னு கையைத் தூக்கிட்டீங்க."

மாமனாருக்கு வந்த கவலை வேறு.

"அப்போ உனக்குக் கம்ப்யூட்டரே தெரியாதா?"

"தெரியாது மாமா."

"என் ப்ரிண்டர்?"

"அணைச்சுப் போடுவேன் மாமா. அவ்வளவுதான்."

"இவ்வளவு காலமும் நான் அதைத்தானே லிஃப்டுக்குப் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார் மாமனார், புதிய மரியாதையோடு.

அன்றைக்கு ராச்சாப்பாடு முடிந்தும் யாரும் கூடத்தை விட்டு நகரவில்லை. பெரியவள் சோபாவில் சின்னவளை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, "நகரு, நகரு, எல்லா இடத்தையும் நீயே பிடிச்சுக்காதே" என்றாள். வாலு ரிமோட்டால் பாட்டுப் பட்டியலைத் தள்ளிக்கொண்டே போனாள். ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நிறத்தில் ஒரு முகமில்லாத ஆள்.

"இது யாரு சித்தி, ஆரஞ்சு?"

"அவளா? நர்ஸ் படிப்பு படிச்சிக்கிட்டிருந்தா. இடைவேளையில புத்தகத்தை விரிச்சு வச்சுக்கிட்டு, எங்க கையைப் பிடிச்சு நாடி பார்ப்பா. முகத்துல வெள்ளை பூசினதோட வெளியே டீ வாங்கப் போனா. கடைக்காரர் பயந்து ஓடிட்டார்."

"இந்தப் பச்சை ஆள்?"

"இவர் யார்கூடவும் பேசவே மாட்டார். தினமும் ஜன்னலோரமா தனியா உட்கார்ந்து சாப்பிடுவார். பாட்டு போட்டாத்தான் அவருக்கு உயிர் வரும். பாரு, எப்படிக் குதிக்கிறார்."

"இந்தக் கரடி?"

"கரடிக்குள்ள ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஆடினாங்க. அந்த உடுப்புக்குள்ள அவ்வளவு சூடு. ஒருத்தர் மயக்கம் போட்டுட்டார். தூக்கி வெளியே படுக்க வச்சா, கரடி படுத்திருக்குன்னு சுத்திலும் கூட்டம் கூடிடுச்சு."

மாமனார் டி.வி. ஒலியைக் குறைக்கச் சொன்னார், அவள் பேசுவது கேட்க வேண்டும் என்று. இத்தனை நாளாக வெறும் நிறங்களாகக் குதித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஆட்களானார்கள். ஒருத்திக்குப் புத்தகம் வந்தது, ஒருவருக்கு ஜன்னல் வந்தது. சின்னவள் இவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பேசப் பேசக் கைகளும் கூடவே பேசின. கணவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டியலின் கடைசியில் ஒரு நீல ஆள். மெதுவான பாட்டு. அவர் ஒரு காலை ஊன்றி, மறுகாலை யோசனையோடு நகர்த்திக்கொண்டிருந்தார்.

"இவர்?" என்றாள் வாலு.

சின்னவள் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தாள்.

"தெரியலையே. நான் சேர்றதுக்கு முன்னாடியே ஆடிட்டுப் போயிருக்கார் போலிருக்கு. இவரைப் பத்தி ஒருத்தரும் சொன்னதில்லை."

பெரியவள் எழுந்தாள். வாலுவின் கையிலிருந்து ரிமோட்டை வாங்கி, வாரைக் கட்டிக்கொண்டாள்.

"அதனால என்ன? நாலு தடவை ஆடிப் பார்த்தா ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும்" என்றாள். "எழுந்திரு, நீயும் வா. வலது கை, ஞாபகம் வச்சுக்கோ."